சின்ன வயசுக் கார்ட்டூன்களைப் படைத்தவர்களைச் சந்திப்பது எப்படி? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் நாங்கள் சிலர் சேர்ந்து, அவ்வப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கார்ட்டூன் வரைகிறவர்களையும் அதற்குக் குரல் கொடுக்கிறவர்களையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுகிறோம். சின்ன அரங்கு, பிளாஸ்டிக் நாற்காலி, டீ, அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர். மீதிப் பேர் முப்பதைத் தாண்டியும் கார்ட்டூனை விடாதவர்கள். போனிலும் நேரிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பதில் எழுதியது ஒரே ஆள் என்பதால் சொந்த அபிப்பிராயமும் உள்ளே கலந்திருக்கும்.

டாம் அண்ட் ஜெர்ரி எடுத்தவரை நேரில் பார்க்க வழி இருக்கிறதா?

இல்லை. இந்தக் கேள்விதான் முதலில் வரும், இந்தப் பதிலில்தான் முகங்கள் வாடும். எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் 1940-இல் இந்தப் பூனை எலிச் சண்டையை ஆரம்பித்தவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும். 1958 வரை 114 குறும்படங்கள், அதில் ஏழுக்கு ஆஸ்கர். ஹன்னா 2001-இல் காலமானார், பார்பரா 2006-இல். வாலில் அடிபட்டதும் டாம் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறுமே, அந்த அலறல் ஹன்னாவின் சொந்தத் தொண்டையிலிருந்து வந்தது.

“சத்தமெல்லாம் எதிரொலியோடு, ஒரு மாதிரி விசித்திரமாக இருக்குமே, அந்த எபிசோடுகள்?” என்று கூர்ந்து பார்த்த சிலர் கேட்பார்கள். அவை 1960-களின் தொடக்கத்தில் ஜீன் டைச் என்பவர் செக் நாட்டின் பிராக் நகரில் எடுத்த 13 படங்கள். அவரும் 2020 ஏப்ரலில், அதே பிராக் நகரில் காலமாகிவிட்டார். ஸ்கூபி-டூவை உருவாக்கிய ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் இருவரும் அதே ஆண்டில் சில மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். பழைய தலைமுறையைப் பொறுத்தவரை இனிமேல் பதிவுசெய்த பேட்டிகள்தான் கதி.

அப்படியென்றால் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார்?

தொண்ணூறுகளில் கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. அந்தச் சேனல் இந்தியாவுக்கு 1995-இல் வந்தது. இரவானால் அதுவே ஆங்கிலப் படச் சேனலாக மாறிவிடும் என்பது அன்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி’ (1996), ‘சாமுராய் ஜாக்’ (2001) செய்த கெண்டி டார்டகோவ்ஸ்கி, ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ (1998) செய்த கிரெய்க் மெக்ராக்கன், ‘ஜானி பிராவோ’ (1997) செய்த வான் பார்டிபிள், ‘கரேஜ்’ என்ற பயந்தாங்கொள்ளி நாய்க்கு (1999) அப்பாவான ஜான் டில்வொர்த் எல்லாரும் அந்தத் தலைமுறை.

இவர்களைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. டார்டகோவ்ஸ்கி மாஸ்கோவில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். கலிஃபோர்னியாவில் அவரும் மெக்ராக்கனும் ஒரே கல்லூரி. டெக்ஸ்டரும் சரி, பவர்பஃப் பெண்களும் சரி, அந்தக் கல்லூரிப் பருவத்தில் மாணவப் படமாக முளைத்தவர்கள்தான். உங்கள் வீட்டில் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கும் பையனைத் திட்டும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘படைப்பாளி’ என்று தலைப்பில் வரும் பெயர் கதையின் ஒரு பகுதிதான். பவர்பஃப் கேர்ள்ஸ், சாமுராய் ஜாக் இரண்டிலும் நீங்கள் திரையில் பார்த்த அசைவுகளைப் பெருமளவு வரைந்தது தென்கொரியாவிலுள்ள ரஃப் டிராஃப்ட் ஸ்டுடியோவில். கல்யாண வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்றால் தலைமைச் சமையல்காரரைத்தான் கேட்போம். விடிய விடிய வெங்காயம் உரித்தவரை யார் கேட்கிறார்கள்?

நான் பார்த்ததெல்லாம் தமிழில். எனக்கு அமெரிக்காக்காரர் எதற்கு?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். சுட்டி டிவி 2007-இல் வந்தது. டோராவையும் ஜாக்கி சானையும் மதுரைத் தெருக்களில் பிள்ளைகள் நடித்துக் காட்டினார்கள் என்றால், அது நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ உட்கார்ந்து எழுதிய வசனத்தால் மட்டும் நடக்கவில்லை. ஜோக்கைத் தமிழில் திருப்பிப் போட்டவர், ‘ஐயோ’ எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்தவர், ஒரே நாளில் மூன்று பாத்திரங்களுக்குப் பேசிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனவர், இவர்கள் இல்லாமல் உங்கள் ஞாபகத்தில் இருக்கும் கார்ட்டூன் இல்லை. அவர்கள் சென்னையில்தான் இருக்கிறார்கள். சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் பக்கத்து டப்பிங் தியேட்டர்களில். வைகை எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் எழும்பூர்.

எங்கள் சந்திப்புகளுக்கு முதலில் நாங்கள் தேடுவது இவர்களைத்தான். காரணம் கிட்டே இருக்கிறார்கள் என்பது மட்டுமில்லை. டார்டகோவ்ஸ்கிக்கு ரசிகர் கடிதம் மலைபோல வரும். தமிழ் டப்பிங்கில் பதினைந்து வருடம் குழந்தைக் குரல் பேசிய ஒருவரிடம், “அக்கா, உங்க குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்” என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்வது அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கலாம்.

அவர்கள் பெயரே எங்கும் வரவில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

சேனல்கள் செய்த அநியாயம் இது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது திரையைச் சுருக்கி மூலையில் தள்ளி, அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தை ஓட்டினார்கள். பல தொடர்களில் தமிழ்க் குரல் கொடுத்தவர்களின் பட்டியல் திரைக்கே வரவில்லை.

இப்போது ஓடிடி தளங்களில் நிலைமை பரவாயில்லை. படம் முடிந்ததும் “அடுத்த பகுதி” என்று வரும் பொத்தானை அமுக்காமல் பெயர்களைக் கடைசிவரை ஓடவிடுங்கள். மூலப் படத்தின் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொரு மொழிக்கும் தனி அட்டை வரும்: குரல் கலைஞர்கள், டப்பிங் இயக்குநர், மொழிபெயர்ப்பு, ஸ்டுடியோ. தமிழ் அட்டை வரும்வரை பொறுமை வேண்டும். அந்த ஸ்டுடியோ பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய தொடர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லாததால் ஆளைப் பிடித்து ஆளைக் கேட்பதுதான் ஒரே வழி. டப்பிங் கலைஞர்களுக்குச் சென்னையில் சங்கம் உண்டு, அங்கே மூத்த உறுப்பினர்களுக்கு யார் எதற்குப் பேசினார்கள் என்பது விரல் நுனியில் இருக்கும். கேட்கும்போது “டோரா நம்பர் குடுங்க” என்று கேட்காமல், எதற்காகச் சந்திக்க விரும்புகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து, அவர்களே உங்களைத் திருப்பி அழைக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். தனிப்பட்ட எண்ணை வாங்கி வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர்களை நாங்கள் அடுத்த சந்திப்புக்குக் கூப்பிடுவதில்லை.

டப்பிங் தியேட்டருக்குள் என்னதான் நடக்கிறது?

உள்ளே ஒரு சின்ன இருட்டறை. மைக், அதற்கு முன்னால் காற்றடிக்காமல் இருக்க வட்டமாக ஒரு வலை, எதிரே திரை, காதில் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரும் டப்பிங் இயக்குநரும். காதில் மூல மொழி ஓடும், கண் திரையிலும் காகிதத்திலும் மாறி மாறிப் போகும். சினிமா என்றால் ஒரு காட்சிக்கு நேரம் எடுப்பார்கள். டிவி கார்ட்டூனில் ஒரு ஷிஃப்டுக்குள் எபிசோடுகளை முடித்துத் தள்ள வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தங்கள் வசனத்தைப் பேசிவிட்டுப் போவார்கள். நண்பர்களாக உருண்டு புரளும் இரண்டு பாத்திரங்களின் குரல்காரர்கள் அந்தத் தொடர் முழுக்க ஒருவரையொருவர் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

வசனம் எழுதுகிறவரின் பாடு அதைவிடக் கஷ்டம். பாத்திரத்தின் உதடு மூடும் இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ விழ வேண்டும். ஆங்கிலத்தில் “அதோ பார்” முதலில் வந்து பொருளின் பெயர் கடைசியில் வரும். தமிழில் இயல்பாகப் பேசினால் பெயர் முதலில் வந்துவிடும், ஆனால் பொம்மையின் விரல் கடைசியில்தான் நீளும். இதையெல்லாம் சமாளித்து, குழந்தைக்குச் சிரிப்பும் வர வேண்டும். தமிழில் டப்பிங் பற்றி எழுதுகிறவர்கள் குரலைப் புகழ்கிற அளவுக்கு இந்த எழுத்தாளர்களைக் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

குரலுக்குப் பின்னால் ஒரு ஆன்ட்டி இருக்கிறார் என்று தெரிந்தால் குழந்தையின் கற்பனை உடைந்துவிடாதா?

பெற்றோர்தான் பயப்படுகிறார்கள், பிள்ளைகள் இல்லை.

ஒரு சந்திப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி, கண்டாங்கிச் சேலை, கையில் துணிப்பை. பல வருடங்களாகச் சிறுவன் பாத்திரங்களுக்குப் பேசியவர். குழந்தைக் குரலைக் குழந்தையே பேசினால் சில வருடத்தில் குரல் உடைந்துவிடும், ராத்திரி ஷிஃப்டும் முடியாது. அதனால் பையன் குரலைப் பெண்கள் பேசுவது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். முன்வரிசையில் இருந்த ஒரு வாண்டு நம்ப மறுத்தது. “நீங்க பொய் சொல்றீங்க. அவன் பையன்.” அவர் சண்டை போடவில்லை. சேலை முந்தானையைச் சொருகிக்கொண்டு, முதலில் வெறும் மூச்சை எடுத்தார்: ஓடி வந்து நிற்கும் மூச்சு. தியேட்டரில் இதற்கு ரியாக்‌ஷன் என்று பெயர். பிறகு புறங்கையை வாயில் வைத்து உறிஞ்சி, மென்று, விழுங்கினார். மாம்பழம் தின்கிற சத்தம், கண்ணை மூடினால் சாறு வழிவதே தெரிந்தது. கடைசியாக அந்தப் பையன் குரலில், “டேய், எனக்கு ஒரு துண்டு குடுக்க மாட்டியா?” என்றார். வாண்டு கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்தது. பிறகு எழுந்துபோய்த் தன் புறங்கையை உறிஞ்சிப் பார்க்க ஆரம்பித்தது. அன்று அரங்கு முழுக்க அந்தச் சத்தம்தான், பேச்சை மேற்கொண்டு நடத்தப் பெரும்பாடாகிவிட்டது.

மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் கொஞ்சம் கவனம். அந்த வயதில் நிஜமும் திரையும் கலந்துதான் இருக்கும். அவர்களை வற்புறுத்தி மேடைக்கு அனுப்பாதீர்கள்.

சந்திக்கும்போது என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

உங்கள் பால்யத்தைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். அடுத்து அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள். “பிடித்த பாத்திரம் எது?” என்று கேட்டால் எல்லா இடத்திலும் சொல்லும் பதில்தான் வரும். “எந்த வசனத்துக்கு அதிக டேக் போனது?”, “சளி பிடித்த நாளில் என்ன செய்வீர்கள்?”, “இந்தக் கையை ஏன் நான்கு விரலோடு வரைந்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். (நான்கு விரலுக்குப் பதில்: ஆயிரக்கணக்கான படங்களில் தலா ஒரு விரல் மிச்சம், தவிரவும் உருண்டைக் கையில் ஐந்து விரல் வாழைச்சீப்பாகத் தெரியும்.)

சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். இன்னும் வெளிவராத எபிசோடில் என்ன நடக்கும் என்றும் கேட்காதீர்கள், ஒப்பந்தம் அவர்கள் வாயைக் கட்டியிருக்கும். “என் கடை விளம்பரத்துக்கு அந்தக் குரலில் ரெண்டு வரி பேசித் தாங்க” என்று கேட்பது எல்லாவற்றிலும் மோசம். குரல் அவருடையது, பாத்திரம் கம்பெனியுடையது. மாட்டிக்கொள்வது அவர்தான், நீங்கள் இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து கேட்பதில் தப்பில்லை, அவர் சரி என்றால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்க ஃபிளெக்ஸ் வைக்கலாமா?

மதுரையில் கேட்காமல் இருப்பீர்களா! வேண்டாம். கார்ட்டூன் படத்தைப் போட்டால் உரிமைப் பிரச்சினை, விருந்தினர் முகத்தைப் போட்டால் அவருக்குச் சங்கடம், தெருவில் கட்டினால் மாநகராட்சி. அரங்க வாசலில் ஒரு கரும்பலகையில் பிள்ளைகளை வரையவிடுங்கள்.

மதுரைக்கு அழைத்தால் வருவார்களா? செலவு?

வருவார்கள், ஆனால் “ரசிகர்கள்தானே, சும்மா வந்துட்டுப் போங்க” என்ற தொனி கூடாது. தினக்கூலி மாதிரி ஷிஃப்டுக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள், ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வருமானம் போகும். ரயில் டிக்கெட், தங்க ஒரு சுத்தமான அறை, ஒரு சன்மானம், இந்த மூன்றையும் முதல் போனிலேயே பேசிவிடுங்கள். பள்ளியோ கல்லூரியோ அழைத்தால் இன்னும் கண்டிப்பாக. நல்ல மைக் ஏற்பாடு செய்யுங்கள். குரலால் பிழைப்பவரை ஓட்டை மைக்கில் கத்தவைப்பது பாவம்.

ஜிகர்தண்டா நிகழ்ச்சிக்குப் பிறகு. முன்னால் கொடுத்தால் அன்பில் வாங்கிக் குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் காலத்தில் தூர்தர்ஷன்தான். அந்தக் கார்ட்டூன்களைச் செய்தவர்கள்?

கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்து ஆண்டெனாவைத் திருப்பிய தலைமுறை கேட்கும் கேள்வி இது. அதற்கும் முன்னால் இலங்கையின் ரூபவாஹினியைப் புள்ளி புள்ளியாகப் பார்த்தவர்களும் நம் பக்கம் உண்டு.

மௌக்லியை ஞாயிற்றுக்கிழமை இந்தியில், ஒரு வார்த்தை புரியாமல், பாட்டை மட்டும் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு பார்த்தோமே, அது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் 1989-இல் எடுத்த தொடர். இந்திப் பாட்டை எழுதியவர் குல்சார், இசை விஷால் பரத்வாஜ், புலி ஷேர்கானுக்கு நானா படேகரின் குரல். ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’ என்ற குட்டிப் படம் 1974-ஐச் சேர்ந்தது. வலையோடு பறக்கும் பறவைகளின் கதை. இயக்கிய விஜயா முலே 2019-இல் காலமானார், வரைகலையைக் கவனித்த பீம்சைன் அதற்கு முந்தைய ஆண்டில்.

இந்த வரிசையில் நான் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று ஏங்கும் ஒருவர் ராம் மோகன். 1956-இல் டிஸ்னியிலிருந்து கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் படப் பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷனில், கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த முதல் கூட்டத்தில் கற்றவர் ராம் மோகன். பெண் குழந்தைகளுக்காக யுனிசெஃப் எடுத்த ‘மீனா’ அவர் கைவண்ணம். யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி என்ற ஜப்பானிய இயக்குநர்களோடு சேர்ந்து ராமாயணத்தை முழுநீள அனிமேஷனாக எடுத்தார். அந்தப் படம் எடுத்து முப்பது வருடம் கழித்து, 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. ராம் மோகன் 2019 அக்டோபரில் மறைந்துவிட்டார்.

தமிழ்நாட்டிலேயே கார்ட்டூன் செய்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள், நாம்தான் மறந்துவிட்டோம். சென்னையின் பென்டாமீடியா 2000-ஆம் ஆண்டிலேயே ‘பாண்டவாஸ்’ என்று முழுநீளக் கணினி அனிமேஷன் எடுத்தது. 2007-இல் ‘இனிமே நாங்கதான்’ வந்தது, வெங்கி பாபு இயக்கம், இசை இளையராஜா. 2014-இல் ‘கோச்சடையான்’ நடிகர்களின் அசைவைப் பதிந்து எடுத்தது. இன்றைக்கு உங்கள் பேத்தி சாப்பிட அடம்பிடிக்கும்போது போனில் ஓடும் சூச்சூ டிவியும் சென்னைதான், 2013-இல் வினோத் சந்தர் ஆரம்பித்தது.

இன்னும் கிட்டே வேண்டுமென்றால் திருவனந்தபுரம். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2003-இல் வந்த தெனாலி ராமன் தொடர் அங்கே டெக்னோபார்க்கிலுள்ள டூன்ஸ் ஸ்டுடியோவில் பிறந்தது. ராத்திரி மதுரையில் ரயில் ஏறினால் காலையில் அங்கே. ‘சோட்டா பீம்’ ஹைதராபாத்: ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்டு, 2008 முதல். எந்த ஸ்டுடியோவும் நினைத்த நேரத்தில் உள்ளே விடாது. கல்லூரித் துறையின் மூலம் குழுவாக எழுதிக் கேட்டால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

கார்ட்டூனைவிட எனக்குக் காமிக்ஸ்தான். மதுரைப் பக்கம் யாரும் உண்டா?

சிவகாசிக்குப் போங்கள். முத்து காமிக்ஸை 1972-இல் சௌந்தரபாண்டியன் அங்கேதான் தொடங்கினார், முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவர் மகன் விஜயன் 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கி இன்றும் நடத்துகிறார். ஈரோடு, சென்னைப் புத்தகக் காட்சிகளில் வாசகர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு “அந்தக் கதையை ஏன் மறுபதிப்புப் போடவில்லை” என்று உரிமையோடு சண்டை போடுவதைப் பார்க்கலாம். ஒரு படைப்பாளியும் ரசிகரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அந்தச் சண்டைதான்.

சென்னை காமிக் கானுக்குப் போனால் யாரையாவது பார்க்கலாமா?

காமிக்ஸ், கார்ட்டூன் ரசிகர்கள் கூடும் இந்தத் திருவிழா சென்னையில் முதல்முறை 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. பொம்மை, டி-ஷர்ட், வேஷம் கட்டிய பிள்ளைகள் என்று கூட்டம் அள்ளும். படைப்பாளியோடு நிதானமாகப் பேச வேண்டுமென்றால் பெரிய மேடையை விட்டுவிட்டு, ஓவியர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் வரிசைக்குப் போங்கள். காலையில் முதல் ஆளாகப் போனால் அரை மணி நேரம் பேசலாம். ஒரு சின்னப் பிரிண்டாவது வாங்குங்கள்.

வெளிநாட்டுப் படைப்பாளிக்குக் கடிதம் எழுதினால் பதில் வருமா?

சிலருக்கு வந்திருக்கிறது. வீட்டு முகவரியைத் துருவித் தேடாமல், ஸ்டுடியோவுக்கோ ஏஜென்ட்டுக்கோ எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மதுரையில், எந்த மொழியில், எந்த வருடம் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். தன் நாய்க்குட்டி தமிழில் பேசியது என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். பதில் உறையில் இந்திய ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிப் பயனில்லை, அந்த ஊரில் அது செல்லாது.

முக்கியமாக, உங்கள் சொந்தக் கதை ஐடியாவைக் கூடவே வைக்காதீர்கள். கேட்காமல் வரும் கதைகளைப் பெரிய ஸ்டுடியோக்கள் பிரித்துக்கூடப் படிக்காது. பின்னால் “என் கதையைத் திருடிவிட்டார்கள்” என்று வழக்கு வரும் என்ற பயம். அந்த ஒரு தாளால் உங்கள் கடிதமும் குப்பைக்குப் போகும்.

டோரேமான், ஷின்-சான்?

டோரேமானை 1969-இன் கடைசியில் பத்திரிகையில் வரைய ஆரம்பித்த ஹிரோஷி ஃபுஜிமோட்டோ 1996-இல் காலமானார். ஜப்பானிய மூலத்தில் 1979 முதல் 2005 வரை டோரேமானாகப் பேசிய நோபுயோ ஓயாமா 2024-இல் மறைந்தார். ஷின்-சானின் யோஷிட்டோ உசுய் 2009-இல் மலையேறப் போன இடத்தில் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு 51 வயது. வேலை நிமித்தம் டோக்கியோ போகும் மென்பொருள்காரர்களுக்கு: பக்கத்திலேயே கவாசாகியில் ஃபுஜிமோட்டோவின் அருங்காட்சியகம் இருக்கிறது, 2011-இல் திறந்தது. நேரம் குறித்து முன்பதிவு செய்துதான் போக முடியும்.

இணையத்தில் ‘ஒரிஜினல் செல்’ விற்கிறார்களே, வாங்கலாமா?

செல் என்பது கண்ணாடி போன்ற தாளில் முன்பக்கம் கோடும் பின்பக்கம் வண்ணமும் தீட்டிய படம். அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படமெடுப்பார்கள். நிஜமான செல்லில் ஓரத்தில் பெக் துளைகள் (தாள் நகராமல் முளையில் மாட்டுவதற்கான ஓட்டைகள்) இருக்கும், மூலையில் வரிசை எண் எழுதியிருக்கும், திருப்பிப் பார்த்தால் வண்ணம் திட்டுத்திட்டாக மேடு தட்டியிருக்கும். அழகாக அச்சடித்து, எண்ணே இல்லாமல் வருவது விற்பனைக்கென்றே செய்த நகல். நகல் என்று சொல்லி விற்றால் தப்பில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியிலிருந்து பல ஸ்டுடியோக்கள் கணினியில் வண்ணமடிக்க மாறிவிட்டதால், சமீபத்தியத் தொடருக்கு ‘ஒரிஜினல் செல்’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். நிஜமே கிடைத்தாலும் மதுரை வெயிலுக்கு ஆகாது. தாள் வளைந்து, வினிகர் வாடை அடிக்க ஆரம்பிக்கும்.

என் பெண் அனிமேஷன் படிக்க வேண்டும் என்கிறாள். சந்திப்புக்குக் கூட்டி வந்தால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் “எதிர்காலம் எப்படி சார்?” என்று நீங்கள் முந்திக்கொண்டு கேட்காமல் இருந்தால். கையால் வரைந்த காலத்து ஓவியர் ஒருவர் வந்தபோது லைட் பாக்ஸையும் (அடியில் விளக்கு எரியும் வரைபலகை) தாள்களை மாட்டும் பெக் பாரையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து தாள்களைப் பெக்கில் மாட்டி, விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு தாளைப் பிடித்து, கையை உருட்டினார். பந்து ஒன்று விழுந்து, நசுங்கி, எழும்பியது. பிறகு நசுங்கிய படத்தை மட்டும் உருவிவிட்டு மறுபடி உருட்டினார். இப்போது அது இரும்புக் குண்டு. ஒரு தாள்தான் வித்தியாசம். விநாடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 12 படம், ஏழு நிமிடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் என்ற கணக்கை அதற்கப்புறம்தான் சொன்னார். கல்லூரி விளம்பரத் தாளில் இது கிடைக்காது.

படிப்பென்றால் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் நுழைவுத்தேர்வு ஒரு வழி, தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இன்னொரு வழி. மாதத் தவணையில் மென்பொருள் மட்டும் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் சேருமுன், அங்கே படித்தவர்கள் வரைந்த உடலசைவுப் பயிற்சிகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதுவரை செலவில்லாத பயிற்சிக்கு, புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் உட்கார்ந்து ஓடுகிற பிள்ளைகளை வரையலாம், மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவர்களை வரையலாம்.

விருந்தினருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?

பொன்னாடை அவர்கள் பீரோவில் நிறைய இருக்கும். பிள்ளைகள் அன்று வரைந்த படங்களைக் கட்டிக் கொடுங்கள், பெண் விருந்தினருக்கு ஒரு சுங்குடிச் சேலை. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதாக இருந்தால் காரம் குறைவாகச் சொல்லி வாங்குங்கள், அடுத்த நாள் காலையில் அவருக்கு ஷிஃப்ட் இருக்கும். ஞாயிறு ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது, அதனால் தேதி முடிவான அன்றே திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள், கீழ் பெர்த்தாக.